சிவப்புத் துணிக்கு முதல் பரிசு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், ஆனால் எதிரில் இருப்பவர் பேசும்போது எந்த இடத்தில் தலையை ஆட்டவேண்டும் என்பதை மட்டும் கண்டுபிடிக்காமலே இத்தனை ஆயிரம் வருடங்களை ஓட்டிவிட்டான். அந்தக் குறையைத் தீர்த்துவைத்த பெருமை 'இரண்டாம் வசந்தம் மூத்தோர் ஈடுபாட்டு மைய'த்தைச் சேரும். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அது இயங்கியது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பணி ஓய்வு பெற்றவர்களுக்கு அங்கே வாழ்க்கை மறுபடியும் தொடங்கி வைக்கப்பட்டது. பத்து மணிக்குத் தொடங்கும் வாழ்க்கை பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். பாயை மடக்கி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

இப்படிப்பட்ட மகத்தான இடத்துக்கு ஆயில்காரர் தானாக வரவில்லை. கொண்டுவரப்பட்டார்.

முப்பத்தாறு வருடம் நூற்பாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டவர். ஆலைச் சத்தம் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. செல்போன் மணி, குக்கர் விசில், மகளின் குரல் என்று மெல்லிசாக வரும் எதுவும் அவருக்கு ஏறாது. கனத்த சத்தம் ஏறும். இரும்புக்குள்ளே ஓடுகிற சத்தமென்றால் எலும்பு வழியாகவே ஏறிவிடும். ஆலையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வைத்திருந்தார். அதன் முனையை ஓடும் இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடுவார். "இது இன்னும் பதினஞ்சு நாள்" என்பார். அவர் சொன்ன பேரிங் எதுவும் பதினாறாம் நாளைப் பார்த்ததில்லை. பதினாலாம் நாளே கழற்றி எறிந்துவிடுவார்கள்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம். வீட்டில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஒருநாள் மகள் வந்து எதிரில் உட்கார்ந்து பேசினாள்.

"அப்பா, அஞ்சு நிமிஷமா கத்திட்டிருக்கேன். நீங்க ஃபேனைப் பாத்துட்டிருக்கீங்க."

"ஃபேன் பேசுது."

"என்னது?"

"எண்ணெய் போடுன்னு ரெண்டு மாசமா சொல்லுது. இந்த வீட்டுல யாரு காதுல விழுது?"

மகள் உடனே செல்போனில் தேடினாள். இதற்கு 'ஓய்வுக்கால ஒட்டாமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மருந்து இரண்டு: புதிய செயல்பாடு, கவனமான உரையாடல். அப்பாவை 'ஆழ்ந்து கேட்டல்' வகுப்பிலும் அம்மாவைக் கீபோர்டு வகுப்பிலும் சேர்த்துவிட்டாள்.

"உங்க அப்பாவுக்குக் கேக்கக் கத்துக் குடுக்கறாங்களா?" என்றாள் அம்மா. "கல்யாணமாகி நாப்பது வருஷமா நான் பரீட்சையில தோத்த சப்ஜெக்டு அது. அந்த டீச்சரம்மாவ நான் பாக்கணுமே."

ஆழ்ந்து கேட்டலைக் கற்றுக்கொடுத்த பயிற்றுநருக்கு வயது இருபத்தொன்பது. அவர் கேட்கும்போது பார்க்கவேண்டும். தலை ஒருபக்கம் சாயும். புருவம் நடுவில் கூடும். "ம்ம்" என்ற ஒலி வயிற்றிலிருந்து புறப்பட்டு வரும். அவர் வகுத்த விதிகள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. கண்ணைப் பார். தலையை ஆட்டு. கடைசிச் சொற்களைத் திருப்பிக் கொடு. இவற்றுக்கெல்லாம் மேலே, பெரிய எழுத்தில்: தீர்வு சொல்லாதே.

"தீர்வு சொல்றது ஒரு வன்முறை, ஐயா" என்று முதல் நாளே விளக்கினார். "ஒருத்தர் பிரச்சினையைச் சொன்னா நாம உடனே சரி பண்ணக் கிளம்பிடறோம். அப்ப அவரைக் கேக்கறத நிறுத்திடறோம்."

ஆயில்காரர் முப்பத்தாறு வருடம் இந்த வன்முறையைத்தான் செய்து சம்பளம் வாங்கியிருக்கிறார்.

வகுப்பில் இருபது பேர். யாரையும் ஒரு வாக்கியம் முடிக்கவிடாத ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். இப்போது அவர் முடிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். பயிற்சிக்காக இருவரையும் ஜோடி சேர்த்தார்கள்.

"பல்லு வலி உயிர் போகுது" என்றார் கண்டக்டர்.

"உயிர் போகுது" என்றார் தலைமையாசிரியர், கண்ணைப் பார்த்து.

"தூங்கி மூணு நாளாச்சு."

"மூணு நாளாச்சு."

"பல் டாக்டர் யாராவது தெரிஞ்சவங்க..."

தலைமையாசிரியரின் மைத்துனரே பல் மருத்துவர்தான். வாய்வரை வந்த அந்தத் தகவலை அவர் மென்று விழுங்கியதைப் பார்த்துப் பயிற்றுநர் கைதட்டினார். வகுப்பே கைதட்டியது. கண்டக்டரும் தாடையைப் பிடித்துக்கொண்டே கைதட்டினார்.

ஆயில்காரருக்குச் சிக்கல் நாலாம் வாரம் வந்தது. அன்று லிஃப்டில் ஏறினார். இரும்புக் கம்பிக் கதவை இழுத்து மூடுகிற பழைய லிஃப்ட். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது உள்ளங்காலில் ஏதோ நெருடியது. யாரோ பல்லைக் கடிப்பதுபோல. மறு வகுப்புக்கு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். மூன்றாம் மாடியில், மோட்டாரைத் தாங்குகிற இரும்பு உத்தரத்தில் முனையை ஊன்றி, பிடியை எலும்பில் வைத்துக் கண்ணை மூடினார். லிஃப்ட் இரண்டு தடவை ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தபோது அவர் முகம் செத்தவீட்டுக்குப் போய்வந்த முகமாக இருந்தது.

நேராக வகுப்புக்குப் போய்ச் சொன்னார். "லிஃப்ட் பேரிங் போகுதுங்க. குண்டு ஒண்ணு உடைஞ்சிருக்கு. ஆள் வச்சுக் கழட்டிப் பாக்கணும்."

பயிற்றுநரின் தலை சாய்ந்தது. புருவம் கூடியது. "பேரிங் போகுதுன்னு உங்களுக்குத் தோணுது."

"தோணலம்மா. போகுது."

"போகுது. ம்ம். அது போறப்போ உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஏறுறவங்களுக்குத்தான் இருக்கும்."

இருபது தலைகளும் ஒன்றுபோல ஆடின. "எவ்வளவு அழகாப் பகிர்ந்துக்கிட்டார், பாத்தீங்களா!" என்றார் பயிற்றுநர். "சேந்து ஒரு மாசத்துல மனசத் திறந்திருக்கார்."

அடுத்த வகுப்பிலும் சொன்னார். அதற்கடுத்த வகுப்பிலும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நன்றாகக் கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கென்றே தனி அமர்வு நடந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடி, அவர் சொல்லும் சத்தத்தைத் தங்களுக்குள் தேடினார்கள். கண்டக்டருக்கு மட்டும் ஏதோ கிடைத்தது. அது பல்.

"சில சத்தம் வெளியிலேருந்து வராது, ஐயா" என்று பயிற்றுநர் கனிவாகச் சொன்னார். "வருஷக்கணக்கா மிஷினோடயே இருந்துட்டீங்க. அது நின்னுபோனதும் மனசு தானா ஒரு சத்தத்தை உண்டாக்கிக்குது."

"அப்ப என் மனசு லிஃப்ட் ஏறுறப்ப மட்டும் உண்டாக்குதா?"

"லிஃப்ட் ஏறுறப்ப மட்டும்" என்றார் பயிற்றுநர்.

மையத்தின் தலைவர் அவரைத் தன் அறைக்கே கூப்பிட்டுப் பேசினார். தலைவர் சாமானியப்பட்டவர் அல்லர். ஒரு பெரிய அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் பொதுமக்களின் மனுக்களைப் பெற்றுக்கொண்டவர். பெற்றுக்கொண்டதோடு சரி.

செல்போனைக் கவிழ்த்து வைத்தார். கவனமான உரையாடலுக்கு அது அடையாளம். "சொல்லுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க."

"அரை நிமிஷம் போதும் சார். லிஃப்டை நிறுத்துங்க."

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே. வருஷா வருஷம் இன்ஜினியர் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"கையெழுத்து ஓடலீங்க சார். பேரிங்தான் ஓடுது."

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் காதுப் பக்கம் குனிந்தார். "மனசு விட்டுச் சொல்லுங்க. பிரச்சினை லிஃப்டா, இல்ல கீழ இறங்குறதா? பதவியில இருந்தவங்களுக்கு இறங்குறது பெரிய அதிர்ச்சி. எனக்கே இருந்துச்சு."

"நான் எண்ணெய் விட்டவன் சார். எதுலேருந்து இறங்குறது?"

தலைவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார். மாடிப்படியில் இறங்கும்போது ஆயில்காரர் அந்தத் தோளைத் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் அவர் மையத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டில் கிடந்திருக்கலாம். முடியவில்லை. காரணம் அவர் மனைவி.

அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மூன்று மாடி படியேறுவது நடக்காத காரியம். ஆனால் கீபோர்டு வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவள் வேறு ஆளாக இருந்தாள். சோறு வேகும்போது அடுப்புமேடையில் விரல்கள் ஓடின. காய் நறுக்கிய கையோடு பலகையில் தாளம் ஓடியது. நாற்பது வருடம் அந்த விரல்களைப் பார்த்தவருக்கு, அவற்றுக்கு இப்படி ஓர் ஆசை இருந்தது தெரியாது. அவரும் கேட்டதில்லை.

"ஆண்டு விழால வாசிக்கறேன்" என்றாள். "இடது கை ஒரு பக்கம் போகும், வலது கை ஒரு பக்கம் போகும். கடைசில ரெண்டும் வந்து சேந்துக்கணும். என் இடது கை நல்லாப் பேசுதுன்னு மாஸ்டர் சொன்னார்."

"லிஃப்ட்ல போகாதே."

"பறந்து போகவா?"

"நான் தூக்கிட்டுப் போறேன்."

"கல்யாணத்தன்னிக்கே தூக்கல. இப்பத் தூக்குனா, அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் நாலு பேரு தூக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து, கொஞ்சம் நன்றாகக் கேட்கும் காதின் அருகே பேசினாள். "நெசமாவே கெட்டுப்போச்சா?"

"குண்டு உடைஞ்சிருக்கு. நாளுக்கு நாள் அரைபடுது."

"அப்ப சொல்லிச் சரி பண்ண வைங்க. உங்களுக்குத் தெரியாத மிஷினா? என்னைப் போகாதேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் சொல்லவேண்டிய இடத்தில் இன்னும் சத்தமாகச் சொன்னார். எழுதிக் கொடுத்தார். எழுதியதை வகுப்பில் கவிதை வாசிப்பதுபோல் வாசித்துக் காட்டினார்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தபோது, ஆயில்காரர் தனக்குத் தெரிந்த கடைசிப் பாஷையில் பேசிப் பார்த்தார்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரம் கெட்டிருக்கிறது என்று எந்தத் தொழிலாளிக்குப் பட்டாலும், அவன் சுவிட்சை இறக்கிவிட்டு அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவான். யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. துணி கட்டியாயிற்று என்றால் மேஸ்திரி தொடமாட்டார், மேனேஜர் தொடமாட்டார், முதலாளியே வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பிட்டர் வந்து கழற்றி, பழுது பார்த்து, ஓட்டிப் பார்த்த பிறகு அவர் கையால்தான் துணியை அவிழ்க்கவேண்டும். துணி இருக்கிறதா, ஆபத்து. துணி இல்லையா, சரிசெய்தாயிற்று. மேற்கொண்டு ஒரு பேச்சு கிடையாது. இந்த வழக்கத்தை மீறி ஒரு தடவை துணியை அவிழ்த்தவனுடைய இரண்டு விரல்கள் நூலோடு சுற்றிக்கொண்டு போனதை ஆயில்காரர் பார்த்திருக்கிறார்.

புதன்கிழமை, மையம் மூடியிருந்த நாளில், தரைத்தளத்தில் லிஃப்டின் மெயின் சுவிட்சை இறக்கினார். மனைவியின் பழைய சிவப்பு ரவிக்கையில் கிழித்த துண்டைச் சுவிட்சின் கைப்பிடியில் மூன்று முடிச்சாகக் கட்டினார். இனி பிட்டர் வருவார். ஒரு நாள் வேலை. விழாவுக்குள் முடிந்துவிடும். பல நாளுக்குப் பிறகு அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மனைவி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆயில்காரரின் கண் முதலில் சுவிட்சுப் பெட்டிக்குப் போனது. துணி இல்லை. கைப்பிடி மேலே ஏறியிருந்தது.

அவருக்கு மூச்சு வந்தது. "பாத்தியா!" என்றார் மனைவியிடம். "பிட்டர் வந்துட்டுப் போயிருக்கார். துணியை அவுத்தாச்சு."

"அப்ப ஏறலாமா?"

"தாராளமா ஏறு. சரி பண்ணிட்டாங்க."

அப்போது சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார். காதுகேட்கும் கருவிகள் விற்கும் கம்பெனி ஒன்றின் மேலாளர். அவரோடு தலைவரும் மாலையும். லிஃப்டில் மூன்று பேருக்குத்தான் இடம். "அம்மா வரட்டும், நீங்க படியில வாங்க. உங்களுக்கு மேல ஒரு சந்தோஷமான செய்தி காத்திருக்கு" என்றார் தலைவர். கம்பிக் கதவு மூடியது. மனைவி கம்பிகளுக்கு நடுவே விரல்களை ஆட்டி அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

ஆயில்காரர் படியேறினார். மூன்றாம் மாடி வாசலில், விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது அவருடைய சிவப்புத் துணி. மூன்று முடிச்சும் கலையாமல் இருந்தது. கீழே அட்டை: 'மூத்தோர் கைவினைக் கண்காட்சி. தலைப்பு: கட்டும் விடுதலையும். முதல் பரிசு.'

"சர்ப்ரைஸ்!" என்று பயிற்றுநர் ஓடி வந்தார். "சுவிட்சுல கட்டி வச்சிருந்ததை நேத்து விழா வேலைக்கு வந்தப்ப நான்தான் பாத்தேன், ஐயா. உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. முடிச்சு அவிழாம அப்படியே உருவி எடுத்தோம்."

"பிட்டர் வந்தாரா?"

"பிட்டரை எதிர்பார்க்கறீங்க."

ஆயில்காரர் பயிற்றுநரைத் தள்ளிவிட்டுப் படியை நோக்கித் திரும்பியபோது அந்தச் சத்தம் வந்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டி மூன்றாம் மாடிக்கு முக்கால் தூரம் வந்து, ஓர் ஆள் உயரம் சறுக்கி, வெட்டிப் பிடித்தாற்போல் நின்றது. இரண்டாம் மாடி வாசலில் நின்று பார்த்தால், மார்பு உயரத்தில் லிஃப்டின் தரை தெரிந்தது. கம்பிகளுக்கு உள்ளே ஒரு பட்டுப்புடவை மடங்கிக் கிடந்தது.

இங்கேதான் மையத்தின் பயிற்சி தன் முழு வலிமையையும் காட்டியது. ஒருவரும் பதறவில்லை. இருபது பேரும் இரண்டாம் மாடிக்கு இறங்கி, அரைவட்டமாக நின்று, கண்ணைப் பார்த்தார்கள்.

"கை! ஐயோ, என் கை!" என்று மனைவி அலறினாள்.

"உங்க கை" என்றார் தலைமையாசிரியர்.

"கதவைத் திறங்களேன்யா!"

"கதவைத் திறக்கணும்னு விரும்புறீங்க."

"நாங்க எல்லாரும் உங்க கூட இருக்கோம்மா" என்றார் பயிற்றுநர்.

"கூட எங்கடி இருக்கே? வெளியில இருக்கே!"

கண்டக்டர் மட்டும் மெதுவாக, "தீயணைப்புக்கு ஒரு போன் போட்டா..." என்று இழுத்தார். பயிற்றுநர் விரலை உயர்த்தினார். அது தீர்வு. கண்டக்டர் தலையை ஆட்டிவிட்டு அடங்கினார்.

ஆயில்காரர் மனைவியின் குரலைத் தாண்டிக்கொண்டு தரைத்தளத்துக்கு ஓடினார். முதலில் சுவிட்சை இறக்கவேண்டும். அப்புறம்தான் கிட்டே போகவேண்டும். அவள் கத்துவது படியெல்லாம் பின்னால் வந்தது. இறக்கினார். காவலாளியிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினார். அரைவட்டத்தைத் தோளால் இடித்துக் கிழித்துக்கொண்டு போய்க் கம்பிக் கதவை நெம்பித் திறந்தார். ஒரு மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் நின்று அவளைத் தூக்கி இறக்கினார். மேலாளரும் தலைவரும் தாங்களாகவே குதித்து இறங்கினார்கள். இருவருக்கும் கீறல்கூட இல்லை. தனக்கு முன்கூட்டி எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று மேலாளர் எல்லோரிடமும் சொன்னார்.

மனைவியின் இடது மணிக்கட்டு, திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"சரி பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்களே."

"துணியைக் காணோம்" என்றார் அவர். "துணியைக் காணோம்னுதான்..."

அரைவட்டம் தலையாட்டியது.

மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கட்டுப் பிரித்தால் கரண்டி பிடிக்கலாம், வாசிப்பது சந்தேகம் என்றார் டாக்டர். பத்து நாள் கழித்து, லிஃப்டுகளைச் சோதிக்கும் ஆய்வாளர் ஒருவர் மையத்துக்கு வந்தார். ஆயில்காரரும் மனைவியும் வரவழைக்கப்பட்டார்கள். மனைவி, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது எதிர்பாராத விபத்து" என்றார் தலைவர். இருபத்திரண்டு வருட அனுபவம் குரலில் இருந்தது. "முன்னாடியே ஒரு வார்த்தை எங்க காதுக்கு வந்திருந்தா விட்டிருப்போமா?"

"யாரும் சொல்லல?"

"யாரும் சொல்லல."

ஆய்வாளர் அப்படியே எழுதப்போனார். ஆயில்காரர் எழுந்து நின்றார். ஆனால் அவர் பேசவேண்டி வரவில்லை. தங்கள் மையத்தைப் பற்றி இப்படி ஓர் அவதூறு பதிவாவதைப் பயிற்றுநரால் பொறுக்க முடியவில்லை. முகம் சிவக்க, அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்துவந்து ஆய்வாளரின் முன்னால் வைத்தார்.

"சொன்னார் சார். பதினேழு தடவை சொன்னார். என்னிக்கு, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தைன்னு எல்லாம் இதுல இருக்கு. கீழ தலைவர் கையெழுத்து இருக்கு. யாரும் கேக்கலன்னு மட்டும் எழுதாதீங்க, ப்ளீஸ்."

தலைவர் பயிற்றுநரைக் கண்ணாலேயே சுட்டார். ஆய்வாளர் பக்கங்களைப் புரட்டினார். பேரிங் போகுது. குண்டு ஒண்ணு உடைஞ்சிருக்கு. லிஃப்டை நிறுத்துங்க. என் வீட்டுக்காரி ஏறுறா, நிறுத்துங்க. முத்து முத்தான கையெழுத்து. கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"அப்ப, இதையெல்லாம் நீங்க கேட்டீங்கன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க சார்" என்றார் பயிற்றுநர், நிமிர்ந்து. "ஒரு சொல் விடாம கேட்டோம்."